பாஞ்சாலி நறுக்கிய கிழங்கு

ரிச்மண்ட் டவுனில் சேஷகிரி வீட்டின் பின்கட்டில் இரண்டு பெண்கள் மூன்று வருஷம் ஒருவரையொருவர் மனதாரச் சபித்துக்கொண்டே உருளைக்கிழங்கு பொரித்தார்கள். ஒருத்தி அடுக்களைக்கு உள்ளே, ஒருத்தி வெளியே. உள்ளே நின்றவள் வீட்டுக்கார அம்மாள் கோமளம். வெளியே நின்றவள் பாஞ்சாலி. இது பாஞ்சாலியின் கதை. கோமளத்தின் கதையை அவள் உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்குப் பரிந்து பேச ஆளா இல்லை?

பாஞ்சாலி அல்சூரில் பிறந்தவள். பதினைந்து வயதில் கண்டோன்மென்டில் ஒரு துரைசானி வீட்டுக் குசினிக்கு வேலைக்குப் போனாள். அங்கே அடுப்புப் பக்கம் அவளை விட்டதில்லை. அடுப்பு பட்லரின் ராஜ்ஜியம். இவளுக்குக் கத்தியும் பலகையும்தான். உருளைக்கிழங்கைச் சுண்டுவிரல் கனத்தில், எல்லாம் ஒரே நீளமாக, கண்ணை மூடிக்கொண்டு நறுக்குவாள். சுதந்திரம் வந்த மறுவருஷம் துரைசானி கப்பலேறிப் போனாள். தாலி கட்டிய முனிராஜ் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். பாஞ்சாலி அவனைத் தேடிப் போகவில்லை. "தொலஞ்சான்" என்று ஒரே வார்த்தை சொன்னாள், அதோடு சரி. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபம் சீக்கிரம் போகவும் போகாது.

1955இல் சேஷகிரி வீட்டு வேலை கிடைத்தது. சேஷகிரி ஒரு தொழிற்சாலையில் பெரிய அதிகாரி. பயிற்சிக்கென்று ஆறு மாதம் சுவிட்சர்லாந்து போய் வந்தவர். அங்கே எதைத் தொட்டாலும் மாமிசம். அந்த ஆறு மாதம் அய்யங்கார் உயிர் பிழைத்துக் கிடந்தது பிங்கர் சிப்ஸால்தான். ஊர் திரும்பியும் அந்த ருசி விடவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கோமளத்துக்கு அது வறுவலா கறியா என்றே தெரியாது. பக்கத்து பங்களாவில் தோட்ட வேலை பார்த்த பெருமாள்சாமிதான், "தொரசானி வூட்ல இருந்த பொண்ணு ஒண்ணு இருக்குதும்மா" என்று பாஞ்சாலியைக் கொண்டுவந்து விட்டார்.

சம்பளத்தைவிட அவளுக்குப் பெரிதாகப் பட்டது அவுட்ஹவுஸ் அறை. எட்டடிக்கு எட்டடி. கூரை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகும். ஆனால் கதவு இருந்தது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அல்சூரில் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேரோடு முடங்கிக் கிடந்தவளுக்கு, தன் கையால் ஒரு கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு உட்காருவது என்றால் என்ன என்று முப்பது வயதில்தான் தெரிந்தது. அந்தத் தாழ்ப்பாளுக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். பொறுத்துக்கொள்ள வேண்டியதைக் கோமளம் முதல் நாளே எடுத்து வைத்தாள்.

"இதோ பார், நீ அடுக்களைப் படி ஏறப்படாது. கிழங்கை வெளியில ஒக்காந்து நறுக்கிக் குடு. எண்ணெய்ல போடறது எடுக்கறது எல்லாம் நான். நீ ஜன்னலுக்கு வெளியில நின்னுண்டு எப்படின்னு சொல்லு."

"சரிம்மா. அப்ப சிப்ஸ் நல்லா வரலேன்னா என்னக் கேக்கக் கூடாது."

"நன்னா வரலேன்னா உன்னைத்தான் கேப்பேன்."

ஆக, வேலை இப்படி நடந்தது. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பாஞ்சாலி தோல் சீவி நறுக்குவாள். நறுக்கியதை ஒரு பித்தளைப் பேசினில் போட்டுப் படியில் வைத்துவிட்டு, மல்லிகைச் செடி வரைக்கும் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அப்புறம் கோமளம் சொம்போடு வருவாள். பேசினில் விரல் படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒரு கம்பால் கிளறி, அந்தக் கம்பாலேயே சாய்த்துக் கொட்டுவாள். மறுபடி ஊற்றுவாள். ஐந்து தண்ணீர். "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஊற்றுவாள். அந்த எண்ணிக்கை மல்லிகைச் செடி வரைக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் எண்ணினாள். அதிலே சந்தேகம் வேண்டாம்.

ஐந்தாவது தண்ணீரில் கிழங்கை அப்படியே விட்டுவிட்டுப் பூஜைக்குப் போவாள். முக்கால் மணி நேரம் ஆகும். திரும்பி வந்து, வடித்து, துவைத்த வேஷ்டி ஒன்றை விரித்து அதில் பரப்பி, ஒவ்வொரு துண்டாக ஒற்றி எடுப்பாள். பாஞ்சாலி தொட்டதைக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அடுக்களைக்குள் சிந்தக் கூடாதல்லவா, அதற்காக. இவ்வளவு நேரமும் பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். தன் கையைத் திருப்பிப் பார்ப்பாள். சுத்தமான கைதான். நறுக்குவதற்கு முன்னால் அவளும் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள்.

அப்புறம் ஜன்னல். வெளியே இருந்து பார்த்தால் கோமளத்தின் முதுகுதான் தெரியும். "எண்ண காஞ்சிதா? ஒரு துண்டு போட்டுப் பாருங்க. மெதுவா மேல வரணும். செவக்க விடாதீங்க, எடுத்துடுங்க. நல்லா ஆறட்டும். இப்ப நெருப்ப ஏத்துங்க. மறுபடி போடுங்க" என்று இவள் முதுகைப் பார்த்துச் சொல்லுவாள். இரண்டு தடவை பொரிக்கிற அந்த வித்தையைத் துரைசானி வீட்டில் பட்லர் செய்ததைப் பார்த்து வைத்திருந்தாள். கோமளம் "ம்" என்றுகூடச் சொல்ல மாட்டாள். ஆனால் சொன்னபடி செய்வாள்.

வந்த சிப்ஸைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பொன் நிறம். கடித்தால் பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்கும். அரைமணி ஆனாலும் துவளாது. "சுவிட்சர்லாந்திலேயே இப்படிச் சாப்பிட்டதில்லை" என்றார் சேஷகிரி. துரைசானி வீட்டுச் சிப்ஸ்கூட இந்த அளவுக்கு இருந்ததில்லை என்று பாஞ்சாலிக்குத் தெரியும். அது தன் கத்தியின் பெருமை என்று அவள் நினைத்துக்கொண்டாள். தன் கைமணம் என்று கோமளம் நினைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் இரண்டு பேரும் இந்த நினைப்பிலேயே ஓட்டினார்கள்.

1958இல் தொழிற்சாலைக்கு இரண்டு வெள்ளைக்கார இன்ஜினியர்கள் வந்தார்கள். சேஷகிரி அவர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். இரண்டு தாம்பாளம் சிப்ஸ் காலியானது. அதில் ஒருவன் எழுந்து நின்று, இதைச் செய்தது யார், பார்க்க வேண்டும் என்றான். சேஷகிரிக்கு அன்றைக்கு ஏக உற்சாகம். யோசிக்காமல், "பாஞ்சாலி, இங்கே வா" என்று முன்பக்க வராந்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். வெள்ளைக்காரன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். திரைக்குப் பின்னால் கோமளம் நின்றிருந்தாள். இரண்டு மணி நேரம் அடுப்பில் வெந்தவள் அவள். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம் வேறு. நியாயம் பேசினால் அவளுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலைப் புருஷன்மேல் காட்டாமல் யார்மேல் காட்டினாள் என்பதுதான் விஷயம்.

மறுநாள் காலையில் படியில் நின்று சொன்னாள். "இன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடு."

"இன்னாத்துக்கும்மா?"

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுடுத்து. இனிமே நானே நறுக்கிப்பேன். நீ எதுக்கு?"

"அய்யா சொன்னாரா?"

"இந்த ஆத்துல யார் இருக்கணும் யார் போகணும்னு நான்தான் சொல்வேன்."

பாஞ்சாலி கெஞ்சவில்லை. கத்தி, பாய், தகரப் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கேட்டில் திரும்பி நின்று, "உங்க கையில அது வராதும்மா. பாத்துக்கலாம்" என்றாள்.

அல்சூரில் அண்ணி தனக்கோடி வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டாள்: "எத்தினி நாளைக்கு?" பாஞ்சாலி எட்டாவது ஆளாகக் கதவோரம் பாயைப் போட்டாள். யார் வெளியே போனாலும் அவள் காலை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனது. தினமும் கண்டோன்மென்ட் முழுக்க வேலைக்கு அலைந்தாள். கடைசியில் குக் டவுனில் அலெக்சாண்டர் வீடு அகப்பட்டது.

அலெக்சாண்டர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழ்க் கிறிஸ்துவர், பெண்சாதி இறந்துபோய் நாலு வருஷம். இரண்டு ரயில்வே ஆட்கள் அவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டார்கள். பின்பக்கம் ஒரு அறை பூட்டிக் கிடப்பதைப் பாஞ்சாலி வந்ததுமே பார்த்துக்கொண்டாள். ஆசையில் வாய் நீண்டுவிட்டது. "என் சிப்ஸ தின்னுட்டு வெள்ளக்காரன் எழுந்து நின்னான் சார். என் கையப் புடிச்சுக் குலுக்கினான்."

"அப்படியா? சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்," என்றார் அலெக்சாண்டர். "நீ சொல்ற மாதிரி சிப்ஸ் இருந்தா அந்த ரூம் உனக்கு. இல்லேன்னா வேற ஆள் வருது."

திங்கட்கிழமை பாஞ்சாலி முதல் தடவையாகச் சிப்ஸ் பொரிக்க ஒரு அடுப்புக்கு முன்னால், தடுப்பார் இல்லாமல், தானே நின்றாள். கல்லும் இல்லை, படியும் இல்லை, ஜன்னலும் இல்லை. நறுக்கினாள், நறுக்கின ஈரத்தோடு அப்படியே எண்ணெயில் போட்டு இரண்டு தடவை பொரித்தாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஓரமெல்லாம் கருத்து, நடுவில் வேகாமல், தட்டில் போட்டதும் தொங்கிவிட்டது. எண்ணெய் சரியில்லை என்று செவ்வாய்க்கிழமை எண்ணெயை மாற்றினாள். கிழங்கு சரியில்லை என்று புதன்கிழமை ரசல் மார்க்கெட்டுக்கே போய்ப் பொறுக்கி வாங்கி வந்தாள். அன்றைக்கும் அதே கதி. அலெக்சாண்டர் ஒன்றை எடுத்து நீட்டிப் பிடித்தார். அது தலையைத் தொங்கப் போட்டது.

"இதுக்கா அவன் எழுந்து நின்னான்? வெளியில போறதுக்கு நின்னிருப்பான்," என்றார். தங்கியிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பாஞ்சாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கோபம் அலெக்சாண்டர்மேல் போகவில்லை, நேராக ரிச்மண்ட் டவுனுக்குப் போனது. அந்த அம்மா உள்ளே என்னவோ போட்டிருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதே அதற்குத்தான். மூன்று வருஷம் தன் வாயிலிருந்து வித்தையைக் கறந்துகொண்டு, தன் வித்தையை ஒளித்து வைத்துக்கொண்டாள். அரிசி மாவோ, அரோரூட் மாவோ, சுண்ணாம்புத் தண்ணியோ. வியாழக்கிழமை காலையில் அரிசி மாவைத் தூவிப் பொரித்துப் பார்த்தாள். மாவு கருகி எண்ணெயும் பாழானது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அதற்குள் சரியாக வராவிட்டால் தனக்கோடி வீட்டுக் கதவோரமே கதி.

அன்றைக்கு மத்தியானம் அலெக்சாண்டர் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. உள்ளே கோமளம். பெருமாள்சாமியிடம் இடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். இறங்கவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே, "இங்க வாடி" என்றாள். பாஞ்சாலி கேட்டுக்கு வந்து, கேட்டைத் திறக்காமல் உள்பக்கம் நின்றாள்.

"கிழங்குல என்னடி தடவினே?" என்றாள் கோமளம்.

பாஞ்சாலி கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கிறாள். "நானா? நீங்க உள்ள இன்னா போட்டீங்க, அத்த சொல்லுங்க மொதல்ல."

"நான் என்ன போட்டேன்? நீ போனதிலேர்ந்து பொரிக்கறேன், ஒரு நாள் நன்னா வரலை. எங்காத்துக்காரர் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டார். சனிக்கிழமை மறுபடியும் அந்த வெள்ளைக்காரா வரா. நீ போறச்சே கேட்டுல நின்னுண்டு சாபம் குடுத்துட்டுத்தானே போனே?"

"சும்மனே கத்தாதீங்கம்மா. சாபம் குடுத்தா கெழங்குக்கா குடுப்பேன்? எனக்கு உங்க முதுகுதான் தெரிஞ்சுது. அரிசி மாவா? அரோரூட்டா? மூணு வருசம் எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கினு, உங்கள்த மறச்சிட்டீங்க."

"பெருமாள் சத்தியமாச் சொல்றேன், நான் ஒண்ணும் போடலை." கோமளம் வண்டிப் பலகையில் ஓங்கித் தட்டினாள். "நீ தொட்டு வெச்சதை அஞ்சு தண்ணி விட்டு அலம்பினேன். பூஜை முடியற வரைக்கும் ஊறித்து. வேஷ்டில போட்டு ஈரம் போக ஒத்தினேன். உள்ள கொண்டு போய்ப் பொரிச்சேன். வேற என்ன?"

"இப்பவும் அப்பிடித்தான் செய்றீங்களா?"

"இப்ப எதுக்கு அலம்பணும்? நறுக்கறது நானாச்சே. வாழைக்காய் வறுவலுக்குச் சீவறாப்பல நேரா எண்ணெய்க்கு மேலயே நறுக்கிப் போடறேன். நறுக்கினதுல தண்ணி பட்டா எண்ணெய் வெடிக்காதோ?"

பாஞ்சாலி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தானும் இந்த வீட்டில் கிழங்கைத் தண்ணீர் காட்டாமல்தான் போட்டாள், அதே எண்ணெய் பயத்தில். அந்தக் கழுவல் மூன்று வருஷம் கண்ணெதிரே நடந்த காரியம். அதைச் சமையலில் ஒரு வேலையாக அவள் எண்ணவே இல்லை. தன்னை அவமானப்படுத்துகிற வேலை என்று மட்டும்தான் பார்த்து வைத்திருந்தாள்.

கோமளத்துக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் முகத்தில் அசல் குழப்பம் இருந்தது. சற்று இறங்கி வந்தாள். "சரி, என்ன பண்ணினேன்னு சொல்லிடு. இல்லே, சொல்ல இஷ்டமில்லேன்னா திரும்பி வா. ரூமைத் தரேன். பழையபடி வெளியில ஒக்காந்து நறுக்கிக் குடு."

தாழ்ப்பாள் வைத்த அந்தக் கதவு பாஞ்சாலியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இங்கே சனிக்கிழமை என்ன ஆகுமோ தெரியாது, அங்கே இப்போதே போகலாம். "அலம்புங்கம்மா" என்று ஒரு சொல் சொன்னாலும் போதும், வந்தவள் போய்விடுவாள். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. தன் கை பட்டதையும் கழுவ வேண்டியிருக்கும் என்று இந்த அம்மாளுக்கு ஒரு தடவை தோன்றினால் போதும், சிப்ஸ் தானாக வந்துவிடும். தோன்றப் போவதில்லை. அப்படியானால் துவண்டதையே தின்னட்டும் என்று பாஞ்சாலிக்குக் குரூரமான ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது.

"நான் ஒண்ணும் தடவலம்மா," என்றாள். "உங்க கைராசி அப்பிடி. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, வாசல்ல நிக்குது."

கோமளம் அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். ஜட்கா போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் பாஞ்சாலி சீக்கிரமே கிழங்கை நறுக்கினாள். குழாயடியில் பேசினை வைத்து, சொம்பால் மொண்டு ஊற்றினாள். தான் நறுக்கியதைத் தானே கழுவும்போது கை கூசியது. கோமளம் செய்தபடியே, ஒன்றும் விடாமல் ஐந்து தண்ணீர் விட்டாள். எண்ணிக்கை மட்டும் வாயில் வரவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, அலெக்சாண்டரின் பழைய துண்டில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒற்றி, முதலில் மெதுவான எண்ணெயில் ஒரு தடவை, ஆறவிட்டு நல்ல சூட்டில் ஒரு தடவை பொரித்து எடுத்தாள். தட்டில் கொட்டியபோதே கலகலவென்று விழுந்தது.

அலெக்சாண்டர் ஒன்றை எடுத்து நீட்டிப் பிடித்தார். நேராக நின்றது. கடித்தார். தங்கியிருந்த இரண்டு பேரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை, சாப்பிடுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். தட்டு காலியான பிறகு அவர் எழுந்து போய்ப் பின் அறைச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். பாஞ்சாலி அன்றைக்கே அல்சூர் போய்ப் பெட்டியையும் பாயையும் எடுத்து வந்தாள். தனக்கோடி "போறியா?" என்று கேட்டதற்கு, "போறேன்" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் படுத்தபோது, கோமளம் வீட்டு வராந்தாவில் இந்நேரம் துவண்ட சிப்ஸ் பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அலெக்சாண்டர் குழாயடிக்கு வந்தார். "பாஞ்சாலி, பைப்புல காலையில ஒரு மணி நேரம்தான் தண்ணி வருது. கெழங்குக்கு அஞ்சு தண்ணி எதுக்கு? பாதி அண்டா காலி. கம்மி பண்ணிப் பாரேன்."

அப்படி அவள் யோசித்ததே இல்லை. ஐந்து என்பது கணக்கு, அவ்வளவுதான். அன்றைக்கு முதல் தண்ணீர் விட்டாள், கிழங்கின் மாவு கரைந்து பால்போல வெளுத்து வந்தது. கொட்டிவிட்டு இரண்டாவது விட்டாள். தெளிந்துவிட்டது, அடியில் கிழங்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதிலேயே ஊறவிட்டு, ஒற்றி, எப்போதும்போலப் பொரித்தாள்.

ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். அதே மொறுமொறுப்பு. ஒரு இம்மி குறையவில்லை.

மீதித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாஞ்சாலி அடுப்பெதிரே நின்றுவிட்டாள். உள்ளே அலெக்சாண்டர் தட்டு வரவில்லையே என்று கூப்பிட்டார், அவளுக்குக் காதில் ஏறவில்லை. கிழங்குக்கு வேண்டியிருந்தது இரண்டு தண்ணீர்தான். மீதி மூன்றும் அவள் கை பட்டதற்காக ஊற்றியது.